ரத்தம் ஊறாத வெட்டுகள்

டாக்டர்,

இன்று காலை ராஜபாளையத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், சோடாக் கடைக்காரன் ஓர் எலுமிச்சம் பழத்தை இரண்டாக அரிந்தான். எனக்காகத்தான் அரிந்தான். வெயில். தாகம். நான்தான் கேட்டிருந்தேன். பழத்தின் வாசனை வந்ததும் குடிக்க முடியவில்லை. சோடாவைப் பலகைமேல் வைத்துவிட்டு நின்றேன்.

"என்ன சார், ஈ கீ விழுந்திட்டா?" என்றான்.

இல்லை என்றேன். பிழியாத மறுபாதியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவன் ஒருமாதிரியாகப் பார்த்தான். அந்தப் பாதி இப்போது இந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஓரம் காய்ந்து சுருண்டுவிட்டது.

எலுமிச்சை என்றால் மற்றவர்களுக்குக் கோயில் நினைவு வரும், ஊறுகாய் நினைவு வரும். எனக்கு உங்கள் விரல்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், வேப்பமரத்தை ஒட்டிய அந்த ஓட்டுக் கட்டடம். பிணம் அறுக்கும் இடம். வேலை முடிந்து வெளியே வருவீர்கள். கார்பாலிக் சோப்பால் முழங்கைவரை கழுவுவீர்கள். பிறகு எலுமிச்சைப் பாதியை ஒவ்வொரு நகக்கண்ணிலும் அழுத்தித் தேய்ப்பீர்கள். அவசரமே இல்லாமல். தேய்த்து முடிகிறவரை ஒரு வார்த்தை பேசமாட்டீர்கள். நான் மரத்தடியில் காத்திருப்பேன். புத்தகமும் கையுமாக.

அந்தப் புத்தகங்களை நினைத்தால் இப்போது அலுப்பாக இருக்கிறது.

மதராஸில் தத்துவமும் மனோதத்துவமும் படித்து எம்.ஏ. வாங்கி, பிறகு சட்டமும் படித்து, ஊருக்குத் திரும்பியிருந்தேன். சீனியர் வக்கீல் ஒருவரிடம் ஜூனியர். கேஸ்கட்டுத் தூக்குகிற வேலை. மனத்துக்குள் வேறு வேலை. கொலைகாரர்களைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை எழுதப் போகிறேன் என்று இருந்தேன். சீமையில் அறிஞர்கள் கொலைகாரர்களை வகை பிரித்து வைத்திருந்தார்கள். பிறவியிலேயே கொலைகாரன். ஆத்திரத்தில் கொல்கிறவன். ஆதாயத்துக்குக் கொல்கிறவன். புத்தி பேதலித்தவன். மண்டையோட்டின் அளவு, காது மடலின் வடிவம், புருவம் கூடுவது. நம் பக்கத்துக் கொலைகளை இந்தப் பெட்டிகளில் போட முடியவில்லை. எனவே நானே புதுப் பெட்டிகள் செய்துகொண்டிருந்தேன்.

சப் ஜெயிலுக்கு நீங்கள்தான் வைத்தியர். வாரந்தோறும் போய் விசாரணைக் கைதிகளைப் பார்ப்பீர்கள். கூட வரலாமா என்று கேட்டேன். "வாரும்வே. காது மடலை அளக்க நூல் கொண்டாரும்" என்றீர்கள். பாளையங்கோட்டைப் பேச்சு உங்களை விட்டுப் போகவே இல்லை. என் பெயரைச் சொல்லி நீங்கள் கூப்பிட்டதாக நினைவில்லை. எம்.ஏ. என்றுதான் கூப்பிடுவீர்கள்.

ஜெயில் வாசலில் இருந்த ஏட்டையாவுக்கு என் ஆராய்ச்சி தெரிந்துவிட்டது. அதை வைத்தே அவர் நெடுநாள் பொழுது போக்கினார்.

"கொலகாரன என்ன பருத்தியா சார், ரகம் பிரிக்கதுக்கு? இது கம்போடியா, இது கருங்கண்ணின்னு?"

"ரகம் தெரிஞ்சாத்தானே ஏட்டையா விலை தெரியும்" என்றீர்கள் நீங்கள்.

"விலையெல்லாம் ஒரே விலைதான் டாக்டரய்யா. கயிறு."

அவர் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது எனக்கு எதற்கும் சிரிப்பு வராது.

உங்களுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. அதை ஆராய்ச்சி என்று நீங்கள் சொன்னதில்லை. கொலைக் கைதி ஒருவன் புதிதாக வந்தால் அவனிடம் கேள்வியே கேட்கமாட்டீர்கள். நாடி பார்ப்பீர்கள். நாக்கை நீட்டச் சொல்வீர்கள். அவனாக முதலில் என்ன கேட்கிறான் என்று காத்திருப்பீர்கள். ஒருவன் பீடி கேட்டான். ஒருவன் தன் மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுகிறார்கள் என்று கேட்டான். காணி வரப்புத் தகராறில் பெரியப்பன் மகனை வெட்டிய ஒருவன், சாப்பாட்டுக்கு ஊறுகாய் உண்டா என்று கேட்டான். வெளியே வந்ததும் நான் அவனைக் கல்நெஞ்சக்காரன் என்ற பெட்டியில் போட்டேன்.

"பசிக்கிற பெட்டின்னு ஒண்ணு இல்லையாவே உம்மகிட்ட?" என்று கேட்டீர்கள்.

அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு கருப்பையா வந்தான்.

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்புக்குக் காவல்காரன். கல்யாணம் ஆகாதவன். தோப்புக் குடிசை, ஓர் அரிவாள், ஒரு வெள்ளை நாய். ஒரே தங்கை பேச்சி. அவள் புருஷன் முனியாண்டி பஞ்சு அரைக்கும் ஆலையில் பேல் கட்டுகிறவன். விடிகிற நேரத்தில் கருப்பையா ரத்தம் தோய்ந்த அரிவாளோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தான். மச்சினனை வெட்டிவிட்டேன் என்றான். அரிவாளைத் தரையில் வைத்தான். பிடி போலீஸ்காரர் பக்கம் இருக்கும்படி வைத்தான். நாய் கூடவே வந்து ஸ்டேஷன் வாசலில் படுத்துக்கொண்டது.

நம் பக்கத்தில் இது புதிதல்ல. வெட்டுகிறவன் ஓடுவதில்லை. நேரே ஸ்டேஷனுக்கு வருகிறான். சீமைப் புத்தகம் எதிலும் இவன் இல்லை. இவன்தான் என் பெரிய பெட்டி. வெட்டோடு அவன் வேலை முடிந்துவிட்டது. அரிவாளைக் கீழே வைப்பது ஓடிக் களைத்தவன் பாரத்தை இறக்குவது மாதிரி என்று அன்றே இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதினேன். என் சீனியர்தான் கருப்பையாவுக்கு வக்கீல். கிடைத்தற்கரிய மாதிரி ஒன்று கிடைத்துவிட்டது என்று உங்களிடம் ஓடி வந்தேன். நீங்கள் பிண அறைக்குள் இருந்தீர்கள். வண்டியில் முனியாண்டி வந்து சேர்ந்திருந்தான்.

அன்று எலுமிச்சையை வெகுநேரம் தேய்த்தீர்கள். ஒரு பாதி சக்கையானதும் மறுபாதியை எடுத்தீர்கள்.

"உம்ம ஆளு என்ன சொல்லுதான்?"

"கழுத்தில் வெட்டினேன் என்கிறான். திரும்பத் திரும்ப வெட்டினேன் என்கிறான்."

"வெட்டியிருக்கான். நல்லாத்தான் வெட்டியிருக்கான்." கையைத் துடைத்துக்கொண்டு மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தீர்கள். "வெட்டு விரியல வே. சதைக்குள்ள ரத்தம் ஊறல. உசிரோட இருக்கிறவன வெட்டினா சதை வாயத் திறக்கும். ரத்தம் ஊறி உறைஞ்சு கிடக்கும். இது சும்மா கிடக்கு. செத்தவன வெட்டியிருக்கான்."

எனக்குப் புரியவில்லை.

"மண்டை உடைஞ்சிருக்கு. இடது பக்கம், காதுக்கு மேல. கனமான ஏதோ ஒண்ணு. வலது பக்கம் தரையில அழுந்தின அடையாளம். படுத்துக் கிடக்கும்போது அடி விழுந்திருக்கு. தூக்கத்தில. அதுலதான் போயிட்டான். உம்ம ஆளு பொறவு வந்திருக்கான். வந்து, இது தான் செஞ்சதா இருக்கட்டும்னு வெட்டியிருக்கான்."

வேப்பமரத்தில் காகங்கள் இருந்தன. இதை ஏன் நினைவு வைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை.

"அப்படியென்றால் கொன்றது?"

"அது என் வேலை இல்ல" என்றீர்கள். ஆனால் நம் இருவருக்கும் தெரிந்துவிட்டது. குடிசையில் முனியாண்டியோடு இருந்தது பேச்சியும் இடுப்புக் குழந்தையும்தான்.

என் பெட்டிகள் எல்லாம் அன்று உடைந்தன என்று எழுதினால் அழகாக இருக்கும். உடையவில்லை. அன்று மாலைகூட, கொல்லாமலே கொலைகாரன் ஆகிறவன் என்று ஒரு புதுப் பெட்டி செய்ய முடியுமா என்றுதான் யோசித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் சப் ஜெயில். கருப்பையா எழுந்து நின்றான். நெடிய ஆள். கம்பிக்குப் பின்னால் சற்றுக் குனிந்து நின்றான். நாடி பார்க்கக் கையை நீட்டச் சொன்னீர்கள். நீட்டினான். வழக்கம்போல நீங்கள் காத்திருந்தீர்கள், இவன் முதலில் என்ன கேட்பான் என்று.

"அய்யாதான் அறுத்துப் பாத்தியளா?"

"ஆமா."

அவன் வாசலைப் பார்த்தான். ஏட்டையா தூரத்தில் இருந்தார். வாசலுக்கு வெளியே, அவன் பின்னாலேயே வந்துவிட்ட வெள்ளை நாய்க்கு எதையோ பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். கருப்பையா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டான். நாடி பார்த்த கையையே.

"வெட்டுலதான் செத்தான்னு எழுதிருங்கய்யா."

நீங்கள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"நான் வெட்டினது நெசம். கோயில்ல வந்து சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன். வெட்டினது நெசம்தானே? அதை மட்டும் எழுதுங்க. அம்புட்டுதான் கேக்கேன்."

"அதையும் எழுதத்தான் போறேன்."

"அதை மட்டும்யா." அவன் பிடியை இறுக்கினான். "எனக்கு ஆரு இருக்கா? ஒரு நாயி இருக்கு. அவளுக்குப் பிள்ள இருக்கு. அவ கல்யாணத்துக்கு நான் ஒண்ணும் செய்யல. ஒரு பித்தளக் குடம். அதையும் அவன் வித்துக் குடிச்சான். மறு பொங்கலுக்குச் சீரு கொண்டு போனேன், வாசல்லயே வச்சு என்னைய ஏசி அனுப்பினான். ஒரு அண்ணன்காரன் செய்ய வேண்டியத நான் இன்னும் ஒண்ணுமே செய்யல. இதைச் செய்யுதேன். விடுங்கய்யா."

கூடப் பிறந்தவளுக்குச் செய்யும் சீர். எத்தனையோ தட்டுகள் பார்த்திருக்கிறேன். அரிசி, வெல்லம், சேலை, பழம். இப்படி ஒரு தட்டை யாரும் ஏந்தி நான் பார்த்ததில்லை. தன் கழுத்தை வைத்திருந்தான் அதில்.

நீங்கள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டீர்கள். "தூங்கினியா ராத்திரி?" என்று கேட்டீர்கள்.

"இல்லய்யா."

"அதான்" என்றீர்கள்.

திரும்பி வரும்போது தேர் நிற்கிற தெரு வழியாக நடந்தோம். சண்டை போட்டோம். சண்டை போட்டது நான்தான்.

அவனே கேட்கிறான் என்றேன். தூக்குக்குப் போனால் அவன் போகட்டும், அவன் முடிவு அது என்றேன். நீங்கள் பேசாமல் இருந்தால் ஒரு பெண்ணும் குழந்தையும் பிழைக்கும் என்றேன். இப்போது நினைத்தால் அதில் பாதி வாதம், பாதி ஆசை. அவனை இழக்க எனக்கு மனமில்லை. அவ்வளவு பெரிய மனிதனை ஜெயிலிலிருந்து விடுவித்து ஒரு சாதாரணக் காவல்காரனாகத் தோப்புக்கு அனுப்ப எனக்கு மனமில்லை.

"அவன் கொல்லல வே."

"கொல்லவில்லை என்று யார் கேட்டார்கள்? போலீஸ் கேட்கவில்லை. மாஜிஸ்டிரேட் கேட்கவில்லை. அவனே கேட்கவில்லை."

"செத்தவன் கேக்கான்."

"குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிக்கிறவனாம்."

"சரி. குடிகாரன்தான். அவனும் என் மேசைக்குத்தான் வந்தான். அவன் மண்டையில இருக்கறத நான் கழுத்துக்கு மாத்தி எழுதினா, நாளைக்கு இன்னொருத்தன் கழுத்துல இருக்கறத எங்க மாத்துவேன்?" நடையை நிறுத்தினீர்கள். முகம் களைத்திருந்தது. அப்போது உங்களுக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது. "பாதி எழுதினாத்தான்வே பாவம். எழுதினா முழுசா எழுதணும். அந்தப் பொண்ணை நான் பாக்கணும்."

ஏட்டையாவுக்குப் பிடிக்கவில்லை. "ஆளு வந்து நிக்கான். அருவா வந்து நிக்கி. கேஸு முடிஞ்சிட்டு. நீங்க என்னன்னா செத்தவனைப் போயி மறுபடியும் செத்தானா செத்தானான்னு கேட்டுக்கிட்டு இருக்கிய" என்றார். அரிவாளில் ரத்தம் இருக்கிறதே என்றார்.

"கசாப்புக் கடையில தொங்கற ஆட்டை அறுத்தாலும் கத்தியில ஒட்டத்தான் செய்யும் ஏட்டையா."

நாயை ஏட்டையா தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். யாரும் சொல்லாமலே.

பேச்சியை வைத்தியத்துக்கென்றுதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார்கள். வலது கை வீங்கியிருந்தது. முந்தானையால் சுற்றி மறைத்திருந்தாள். சின்ன உருவம். இருபது வயது இருக்கலாம். குழந்தையை நர்ஸம்மா வாங்கிக்கொண்டார். கதவுக்கு வெளியே பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். குரல் கேட்டது.

நீங்கள் கேட்பீர்கள் என்று நினைத்தேன். ஏன் செய்தாய். எப்போது செய்தாய். எதனால் அடித்தாய். சீமையிலிருந்து மதுரைவரை எல்லோரும் கேட்கிற கேள்விகள்.

"கை வலிக்கா?" என்று கேட்டீர்கள்.

பிறகு அவள் அழுகிற சத்தம். அழுகை என்றும் சொல்ல முடியாது. மூச்சுத் திணறுகிறவள் மாதிரி.

"என்னைய யாரும் கேக்கலய்யா" என்றாள். பிறகு, "கொஞ்சம் தூங்கிக்கிடவா? இங்கயே. தரையில."

அவள் முதலில் கேட்டது அது.

தூங்கினாள். கட்டில் காலியாகத்தான் இருந்தது. படுக்கச் சொன்னீர்கள். கேட்காமல் தரையில் சுருண்டுகொண்டாள். எலும்பு சேர்த்துக் கட்டும்போதுகூட முழுதாக விழிக்கவில்லை. சாயங்காலம் எழுந்ததும் எல்லாவற்றையும் அவளாகவே சொன்னாள். நீங்கள் கேட்காமல்.

அவன் தூங்கிய பிறகுதான் அவள் தூங்குவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படி. அவன் குறட்டைவிட்ட பிறகுதான் வீட்டில் பயம் இல்லாமல் இருக்கும். அன்று கையை முறித்துவிட்டுப் படுத்தான். அவன் தூங்கினான். அவளுக்கு வலியில் தூக்கம் வரவில்லை. குழந்தை சிணுங்கியது. அழுதால் அவன் எழுந்துகொள்வான். எழுந்தால் குழந்தையை எடுப்பான். முதல் நாள் குழந்தையின் காலைப் பிடித்துத் தூக்கியிருந்தான். அம்மிமேல் குழவி இருந்தது. இடது கையால் தூக்கினாள். அவ்வளவுதான். பிறகு குழவியைக் கழுவி அம்மிமேல் வைத்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணன் தோப்புக்கு நடந்தாள்.

"அண்ணன் வெட்டுனது எனக்குத் தெரியாதுய்யா. நீ இங்கனயே கிடட்டின்னு சொல்லிட்டு அருவாளை எடுத்துக்கிட்டுப் போச்சு. போலீஸுக்குச் சொல்லத்தான் போவுதுன்னு நெனச்சேன்."

சட்டத்தில் இரண்டு சொற்கள் இருந்தன. திடீர் ஆத்திரம். திடீர் என்றால் கொலை குறையும். ஆனால் தூங்குகிறவனைக் கொன்றால் அது திடீர் இல்லை. பேச்சியின் ஆத்திரம் கல்யாணத்தன்று ஆரம்பித்தது. மெல்ல, தினமும் ஒரு கைப்பிடியாக வந்தது. அதற்குச் சட்டத்தில் சொல் இல்லை. என் புத்தகங்களிலும் இல்லை.

நீங்கள் முழுசாக எழுதினீர்கள். தூங்கும்போது அடி விழுந்தது என்று எழுதினீர்கள். அது அவளுக்கு எதிர். வெட்டுகள் செத்த பிறகு விழுந்தவை என்று எழுதினீர்கள். அது அவள் அண்ணனுக்கு விடுதலை. பிறகு இன்னொன்று எழுதினீர்கள். அவள் உடம்பைப் பற்றி. புதிதாக முறிந்த வலது கை. எப்போதோ முறிந்து கோணலாகச் சேர்ந்த விலா எலும்பு. தோளில் சூட்டுத் தழும்பு. தழும்புகள் ஒரே வயதுடையவை அல்ல என்று எழுதினீர்கள். செத்தவன் மண்டையை வாசித்தது மாதிரியே உயிரோடு இருந்தவளையும் வாசித்தீர்கள். ஒரு எழுத்தும் கூட்டவில்லை. ஒரு எழுத்தும் குறைக்கவில்லை.

மதுரை செஷன்ஸ் கோர்ட்டில் என் சீனியர் பேச்சிக்காக அந்த இரண்டாவது காகிதத்தை வைத்துக்கொண்டுதான் பேசினார். நீங்கள் கூண்டில் ஏறி நின்றீர்கள். தூங்குகிறவனைக் கொன்றாளா என்று சர்க்கார் வக்கீல் கேட்டார். ஆமாம் என்றீர்கள். அவள் என்றைக்காவது பயமில்லாமல் தூங்கியிருப்பாளா என்று என் சீனியர் கேட்டார். கேட்கக் கூடாத கேள்வி. ஜட்ஜ் தடுப்பதற்குள், "அவள் உடம்பைப் பார்த்த வரையில், இல்லை" என்றீர்கள்.

தூக்கு இல்லை. ஆயுள். கருணை காட்டலாம் என்று ஜட்ஜ் கடைசியில் ஒரு வரி எழுதினார். சர்க்கார் அந்த வரியைப் படித்துத் தண்டனைக் காலத்தைக் குறைத்தது. பேச்சி வேலூர்ப் பெண்கள் ஜெயிலுக்குப் போனாள்.

கருப்பையாவுக்குப் பிணத்தை வெட்டியதற்கும் சாட்சியத்தை மறைத்ததற்கும் சொற்ப தண்டனை. வெளியே வந்த அன்று உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் வேதக்கோயிலுக்குப் போய்விட்டு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அவன் தங்கை மகள் அவன் தோளில் இருந்தாள். நாய் இருந்தது. ஏட்டையா திருப்பிக் கொடுத்திருந்தார்.

அவன் அடிப்பான் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன்.

"கெஞ்சினேனே" என்றான். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டான்.

நீங்கள் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. "நான் எழுதினது நெசம்தானேவே?" என்று கேட்டீர்கள். நிஜம்தான் என்றேன். "பின்ன ஏன் எனக்கு அடிச்சுப் போட்டது மாதிரி இருக்கு?" என்று கேட்டீர்கள். அன்றைக்குப் பிறகு உங்களுக்கு அந்தக் களைப்பு போகவே இல்லை. புதுப் பிணம் வந்தால் அறைக்குள் போகுமுன் வாசலில் கொஞ்சம் நிற்பீர்கள். முன்பெல்லாம் நிற்கமாட்டீர்கள்.

பிறகு மலையடிவாரத்தில் மலைக்காய்ச்சல் கண்டது. கூடாரம் போட்டு உங்களை அனுப்பினார்கள். கொயினா மருந்துப் பெட்டியோடு போனீர்கள். வழியனுப்ப வந்தேன். கட்டுரை முடிந்ததா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். "முடிக்காதீரும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினீர்கள். அதைத் திட்டாகச் சொன்னீர்களா, ஆசியாகச் சொன்னீர்களா என்று கேட்டிருக்கலாம். திரும்பி வந்தால் கேட்டிருப்பேன். அந்தக் காய்ச்சலே உங்களைக் கொண்டுபோய்விட்டது. பாளையங்கோட்டைக்கு எடுத்துப்போனார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது யுத்தம். பத்திரிகையில் தினமும் எண்ணிக்கைகள் வருகின்றன. ஆயிரம் ஆயிரமாகக் கொல்கிறவர்களுக்கு யாரும் காது மடல் அளப்பதில்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை. வெளிச்சம் இருக்கும்போதே எழுதி முடிக்க வேண்டும்.

பேச்சி வந்தாள். போன வாரம். விடுதலையாகி மாதக் கணக்கில் ஆகிவிட்டதாம். என் வீட்டு வாசலில் மூவரும் நின்றார்கள். கருப்பையாவுக்குத் தலை நரைத்துவிட்டது. அந்தப் பெண் குழந்தை வளர்ந்து பாவாடை கட்டியிருந்தது. வெள்ளை நாய் இல்லை. அதன் குட்டியின் குட்டியாக ஒன்று. பேச்சியை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சதை போட்டிருந்தாள். முகம் அமைதியாக இருந்தது. கையை மட்டும் பார்த்தேன். நேராகச் சேர்ந்திருந்தது.

"டாக்டரய்யா எங்கன இருக்காவ?"

சொன்னேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வச்சிருக்காவ? ஒரு மாலை போட்டுட்டு வரணும்."

பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்று சொன்னேன். அவள் அண்ணனைப் பார்த்தாள்.

"நீ போ. நான் வரல" என்றான் கருப்பையா.

"ஏண்ணே, இன்னுமா?"

"இன்னுந்தான். உன்னய அடைச்சுப் போட்டாவ. இந்தப் பிள்ளைக்கு நாந்தான் தலை பின்னி விட்டேன். கோணக் கோணயா." என்னைப் பார்த்தான். "நான் தூக்குக்குப் போயிருந்தா எல்லாம் நேராப் போயிருக்கும் சார். அவிய நல்லவியதான். நான் இல்லங்கல. ஆனா கெஞ்சினேன்லா."

"நீ போயிருந்தா நான் தூங்கியிருக்க மாட்டேண்ணே" என்றாள் பேச்சி. "ஜெயிலுல தூங்கினேன். நான் செஞ்சத நான் செஞ்சேன்னு சொல்லிட்டேன்லா. தூங்கினேன்."

இருவரில் யார் சொன்னது சரி என்று எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். தெரியாமலேதான் எழுதினீர்கள். தெரியாமலேதான் அந்தக் களைப்பைச் சுமந்துகொண்டு மலையடிக்குப் போனீர்கள். பேச்சி மாலையோடு பாளையங்கோட்டைக்குப் போயிருப்பாள். கருப்பையா பஸ் ஏற்றிவிட வந்திருப்பான். அதற்கு மேல் வந்திருக்கமாட்டான்.

கட்டுரையை நான் முடிக்கவில்லை. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. எவனைத் தூக்கி எதில் போட்டாலும் ஒரு காலோ கையோ வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இப்போது கொலைக் கேஸ்கள்தான் என் தொழில். நிறைய வருகின்றன. சீனியர் இல்லை, நான்தான் சீனியர். அலுத்துவிட்டது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அலுத்துத்தான் விட்டது.

இன்று சோடாக் கடையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி நேரே சப் ஜெயிலுக்குப் போனேன். புதுக் கைதி. நெசவுக்காரப் பையன். கூட்டாளியைக் கல்லால் அடித்துக் கொன்றதாக வழக்கு. அவனாகவே ஸ்டேஷனுக்கு வரவில்லை. சுந்தரபாண்டியம் பக்கம் கரும்புக் காட்டில் பிடித்தார்கள். மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவன் தகப்பனார் வெளியே நின்று அழுதுகொண்டிருந்தார். பையன் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்றார்கள். போலீஸிடமும் இல்லை, பெற்றவரிடமும் இல்லை.

கேட்க வேண்டியவற்றை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். எப்போது, எங்கே, யார் முதலில், கல்லை எங்கிருந்து எடுத்தாய். கம்பிக்கு முன்னால் நின்றேன். சட்டைப் பையில் எலுமிச்சைப் பாதி ஈரமாக இருந்தது. அந்தக் கேள்விகள் எதுவும் வரவில்லை.

"கை வலிக்காலே?" என்று கேட்டேன்.

அவன் திரும்பினான். என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து தன் கையைப் பார்த்தான். விரல் முட்டிகள் தோல் உரிந்து கறுத்திருந்தன. பிடிபட்ட நேரத்திலிருந்து அது தன்னிடம்தான் இருக்கிறது என்பதை அப்போதுதான் அறிந்தவன் மாதிரி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.